பதின்பருவ நாவலா, ‘இளம் வயது வந்தோர் புனைவா’?

எங்கள் எழுத்தாளர் வட்டத்துத் தோழி ஒருவரின் நாவல் அண்மையில் வந்தது. கொருக்குப்பேட்டை தண்டவாளத்தை ஒட்டி வளரும் பதினைந்து வயதுப் பெண், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்தே சீரழியும் அண்ணன், அவனைத் தேடி அவள் அலையும் இரவுகள். ஈரக்குலையைப் பிடித்து உலுக்குகிற கதை. பின்னட்டையில் பதிப்பகம் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘இளம் வயது வந்தோருக்கான இருண்ட புனைவு’. மதிப்புரைகளிலும் கூட்ட அழைப்பிதழ்களிலும் இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தவன் நான். எங்கள் வீட்டுப் பிள்ளையின் முதுகிலேயே அதை ஒட்டிவிட்டார்கள். இனியும் சும்மா இருக்க முடியாது.

இந்தத் தொடரின் மூலமான ‘யங் அடல்ட்’ ஆங்கிலத்தில் நூலகர்கள் வழியாகப் பரவிய பெயர். அமெரிக்க நூலகச் சங்கம் இதற்கென ஒரு தனிப் பிரிவை 1957இல் தொடங்கியது. 12 முதல் 18 வயது வரை உள்ள வாசகர்கள் அதன் கணக்கு. ‘அடல்ட்’, ‘அடோலசன்ட்’ இரண்டுக்கும் ஒரே லத்தீன் வினைதான் வேர். முன்னது வளர்ந்து முடிந்தவர், பின்னது வளர்ந்துகொண்டிருப்பவர். வரலாறு இவ்வளவு போதும்.

வம்பு தமிழில்தான். ‘யங்’ என்றால் இளம், ‘அடல்ட்’ என்றால் வயது வந்தோர், இரண்டையும் சேர்த்து ஒட்டு என்று அகராதியை மடியில் வைத்துக்கொண்டு யாரோ செய்த வேலை இது. நம் ஊரில் ‘வயது வந்தோர்’ யார்? வாக்குரிமை உள்ளவர், பதினெட்டைத் தாண்டியவர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நடத்தியது ‘வயது வந்தோர் கல்வி’. எல்லாவற்றுக்கும் மேலே, சினிமா போஸ்டரின் மூலையில் இருக்கும் ‘வயது வந்தோருக்கு மட்டும்’. இந்தச் சொல்லைக் கேட்டதும் ராயபுரத்தில் முதலில் நினைவுக்கு வருவது அந்த மூலைதான். போதாக்குறைக்கு, ‘வயசுக்கு வந்துட்டா’ என்றால் மஞ்சள் நீராட்டு. ஆக, பதினான்கு வயதுப் பையன் படிக்க வேண்டிய புத்தகத்துக்கு ஓட்டுரிமை, ‘ஏ’ சான்றிதழ், சடங்கு மூன்றும் கலந்த ஒரு பெயர். புத்தகக் காட்சியில் ஓர் அம்மா பின்னட்டையைப் படித்துவிட்டு, மகளின் கையிலிருந்து நாவலைப் பிடுங்கி அடுக்கில் திருப்பி வைத்ததைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அட்டை சொன்னதை அவர் நம்பினார்.

‘இருண்ட’ என்பதும் உதவாது. இருண்ட காலம் என்றால் களப்பிரர் காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். கதையில் போதையும் சாவும் உண்டு என்றால் அதையே சொல்லிவிட்டுப் போகலாமே.

மாற்றுச் சொற்களுக்கும் பஞ்சமில்லை. ‘இளையோர் இலக்கியம்’ என்கிறார்கள் சிலர். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கைப்படி இளைஞர் என்றால் 15 முதல் 29 வரை. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருதுக்கோ 35 வயது வரை இளைஞர்தான், அதுவும் எழுதுபவரின் வயது. பிள்ளை பெற்றவர்களும் அடங்கிவிடுகிற சொல் இங்கே எதற்கு? ‘வளரிளம் பருவம்’ பொருளில் மிகச் சரி, இலக்கணமும் அழகு. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற வாசனை அதில் ஏறிவிட்டது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் 14 முதல் 19 வரை உள்ள பெண்ணை மடந்தை என்கின்றன. அந்தப் பெயரில் இன்று யாரைக் கூப்பிடுவது? விடலை சங்கப் பாட்டில் பாலை வழி நடக்கும் தலைவன், இன்று தெருமுனையில் விசிலடிப்பவன். போன மானத்தை நாம் மீட்க முடியாது.

மிச்சம் இருப்பது ‘பதின்’. ‘பதின்ம வயது’ என்று எழுதுகிறவர்களிடம் ஒரு சொல்: பதின்மர் என்றால் பத்துப் பேர். திருக்குறளுக்குப் பதின்மர் உரை என்றால் பதினைந்து வயதுப் பையன்கள் எழுதிய உரை என்றா பொருள்? ‘ம’வை எடுத்துவிட்டுப் பதின்பருவம் என்று எழுதுங்கள். பதின்மூன்று, பதினான்கு என்று எண்ணிக்கொண்டு போகிற வாய்க்கு அது தானாக வரும். பன்னிரண்டும் பத்தொன்பதும் ‘பதின்’ கணக்கில் வராதே என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் மடக்கினார். ஆங்கிலத்தின் ‘டீன்’ கணக்கிலும் பன்னிரண்டு வராது. அதற்காக அங்கே யாரும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கவில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர் கைதான் ‘கம்யூனிட்டி’யைச் சமூகமாக்கி ‘எழுத்தாளர் சமூகத்தைக் கட்டமைத்தல்’ என்றும் எழுதுகிறது. வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். ‘நீங்க எந்த சமூகம்?’ என்பார்கள், அங்கே சமூகம் என்றால் சாதி. நாங்கள் பெரம்பூரில் ஒரு மாடியில் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாய்விட்டுப் படித்து, சண்டை போட்டு, டீக்கு வரிந்துகட்டிப் பணம் கொடுக்கிறோம். அதற்குப் பெயர் வட்டம். இல்லையென்றால் செட்டு. ஜமா என்றாலும் எனக்குச் சம்மதம். உருதுவிலிருந்து வந்து எங்கள் தெருவிலேயே குடியேறிய சொல், கட்டமைக்கச் சொல்லி யாரையும் மிரட்டாது. தூய தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும். புரியாத தூய்மையைவிடப் புரிகிற ஜமா மேல்.

அந்த ஜமாதான் இப்போது தோழியின் நாவலைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. வியாசர்பாடி மாலை நேர டியூஷன்களில் பிரதிகளைக் கொடுத்துப் பிள்ளைகளையே படிக்கச் சொல்கிறோம். ‘அண்ணா, அந்த அண்ணன் கடைசில கெடச்சானா இல்லையா, தெளிவா சொல்லவே இல்லையே’ என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். எழுதிய அக்காவிடமே கேள் என்று அனுப்பினேன். இருவரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

மறுபதிப்பின் அட்டைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருப்பது: ‘பதின்பருவ நாவல். 14 வயதுக்கு மேல். போதைப் பழக்கமும் மரணமும் கதையில் உண்டு.’ அந்த வார்த்தை மார்க்கெட்டில் ஓடாதுங்க என்கிறார் பதிப்பாளர். ‘வயது வந்தோர்’ எத்தனை பிரதி ஓடியது என்று கேட்டிருக்கிறேன். கணக்கு இன்னும் வரவில்லை.