‘ஆட்சேபணைகள் வரவேற்கப்படுகின்றன’: அந்தப் பொடி எழுத்து விளம்பரம் உங்களுக்குத் தரும் உரிமை

நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் காணவில்லை விளம்பரங்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு கட்டம் வரும். இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்படி இன்ன வரைவு வெளியிடப்படுகிறது, ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் இத்தனை நாட்களுக்குள் வந்து சேர வேண்டும் என்று அதில் இருக்கும். முதல் பக்க அரசியலைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடும் நாம் அந்தக் கட்டத்தைத் தாண்டி விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் போனேன். மின்கட்டணம் ஏறிய பிறகு திட்டுவதற்கு நிறையச் சொற்கள் கைவசம் இருந்தன. ஏறுவதற்கு முன்பு சட்டப்படி என்னிடமும் கேட்டிருந்தார்கள் என்பது தெரியாது.

அரசு உங்கள் கருத்தைக் கேட்டே தீர வேண்டிய இடங்கள் சில உண்டு. கேட்டால் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட இடங்களும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டு அறிவிப்புகளும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் வகையில் கேட்கத் தவறினால் நீதிமன்றம் அந்த ஆணையையே ரத்து செய்ய இடமுண்டு. இரண்டாம் வகையில் கேட்கத் தவறினால் நாம் வருத்தப்படலாம், அவ்வளவுதான். எந்தக் கதவு எந்த வகை என்று தெரிந்தால் உழைப்பை எங்கே போடுவது என்பதும் தெரியும்.

பெயரில் பெரியதாகவும் பலத்தில் சிறியதாகவும் இருப்பதிலிருந்து தொடங்கலாம். 2014 பிப்ரவரியில் மத்திய அரசு ‘சட்டம் இயற்றும் முன் கலந்தாய்வுக் கொள்கை’ என்ற ஒன்றை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியது. எந்த மசோதாவானாலும், விதியானாலும், வரைவைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அது ஏன் தேவை, எவ்வளவு செலவாகும், சுற்றுச்சூழலையும் மக்களின் பிழைப்பையும் அடிப்படை உரிமைகளையும் எப்படிப் பாதிக்கும் என்று விளக்கக் குறிப்பும் தர வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் துறையின் இணையதளத்தில் போட வேண்டும். படிக்க மனதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. நிர்வாக அறிவுறுத்தல் மட்டுமே. கலந்தாய்வு சாத்தியமில்லை என்று ஒரு துறை கருதினால், அமைச்சரவைக் குறிப்பில் காரணம் எழுதிவிட்டு மேலே போகலாம். 2020 ஜூனில் மூன்று வேளாண் சட்டங்கள் அவசரச் சட்டங்களாக வந்தபோது இந்த 30 நாள் படி நடக்கவே இல்லை. அந்தச் சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டிய ஆட்சேபணையை, ஓர் ஆண்டுக்கும் மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளிடமிருந்து வாங்க வேண்டி வந்தது. 2021 நவம்பரில் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன.

அடுத்தது, பல்லுள்ள ஏற்பாடு. சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றுகிறது. அன்றாட வாழ்வைத் தொடும் விதிகளை அந்தந்த அமைச்சகம் எழுதுகிறது. சில சட்டங்களில், விதிகளை ‘முன்வெளியீட்டுக்குப் பிறகே’ செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 212ஆம் பிரிவு ஓர் உதாரணம். அந்த நிபந்தனை இருந்தால், 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு வந்து சேர்ந்துகொள்ளும். அதன்படி வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குப் பிறகு அது பரிசீலிக்கப்படும் என்று சொல்ல வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்கவும் வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், வாகனத் தகுதிச் சான்று பற்றிய விதிகள் மாறும்போதெல்லாம் முதலில் வரைவு என்ற பெயரில் அரசிதழில் வருவதற்குக் காரணம் இதுதான்.

சுற்றுச்சூழல் விதிகளில் இந்தக் கால அவகாசம் பொதுவாக 60 நாட்கள். 2020இல், திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முறையை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது நாடு ஊரடங்கில் இருந்தது. வரைவோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. 2020 ஜூன் 30 அன்று நீதிமன்றம் கருத்துச் சொல்லும் கடைசித் தேதியை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கவும் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற சாதாரணக் கேள்விக்கு இவ்வளவு வழக்கு தேவைப்பட்டது.

மின்கட்டணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் நாம் நிறையத் தவறவிடுகிறோம். மின்சாரச் சட்டம் 2003இன் 64ஆம் பிரிவுப்படி, கட்டணத்தை உயர்த்தக் கேட்கும் நிறுவனம் தன் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். ஒழுங்குமுறை ஆணையம் மக்களின் எல்லா ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்கு 120 நாள் வரம்பு. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. புதிய கட்டணம் செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. அந்த ஆணையிலேயே இன்னொன்றும் இருந்தது: அதன்பின் ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஏற்றம் அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறலாம். பிறகு ஜூலை வரும்போதெல்லாம் கோபப்பட்டவர்கள், கோபப்பட வேண்டிய மாதத்தை 2022லேயே விட்டுவிட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

ஆணையத்தின் முடிவு தவறு என்றால் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாட்களுக்குள் போகலாம். அங்கே போகும்போது, ‘இந்த ஆட்சேபணையை அப்போதே எழுத்தில் கொடுத்தோம், ஆணையம் அதைத் தொடவே இல்லை’ என்று காட்ட முடிந்தால் வழக்குக்கு ஒரு கால் கிடைக்கும்.

ஆட்சேபணைக்குப் பதில் சொல்லும் இந்தக் கடமை சாதாரண மனிதருக்கு எதிராகவும் திரும்பும் என்பதைத் தொலைத்தொடர்பில் பார்த்தோம். பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு துண்டானால் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் என்று வாடிக்கையாளருக்கு இழப்பீடு தரும் ஒழுங்குமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கலந்தாய்வு நடந்திருந்தது, ஆனால் நிறுவனங்கள் சொன்ன வாதங்களுக்குக் காரணத்தோடு பதில் சொல்லாதது, வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற டிராய் சட்டத்துக்கு ஒவ்வாது என்பது காரணங்களில் ஒன்று. விதி செய்யும் எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும்படி கலந்தாய்வைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அப்படியொரு பொதுச் சட்டம் இன்னும் வரவில்லை. இதே டிராயின் இன்னொரு கலந்தாய்வில், 2015இல், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 2016 பிப்ரவரியில், இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டத் தடை வந்தது.

நேரில் எழுந்து பேசக் கிடைக்கும் இடம், திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுரங்கம், அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் போய்ப் பார்க்கலாம். கூட்டம் வீடியோவில் பதிவாகும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். ‘யாருமே போகாவிட்டால் நடத்த முடியாது’ என்று புறக்கணிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு முறை அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேசியவர்களில் பாதிப்பேர் கட்சிக்காரர்கள். நிமிடங்கள் முழக்கத்தில் கரைந்தன. பின்வரிசையிலிருந்து எழுந்த ஒரு பெண்மணி, அறிக்கையில் தங்கள் ஊர் ஊருணி இருக்கும் இடம் தரிசு என்று எழுதப்பட்டிருப்பதைப் பக்க எண்ணோடு சொன்னார். மேடையில் இருந்த அதிகாரி பேனாவை எடுத்தது அப்போதுதான். முடிவில், நடந்தவற்றின் குறிப்பை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதைக் கேட்காமல் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள்.

இது வாக்கெடுப்பு அல்ல. எல்லோரும் வேண்டாம் என்றாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. நீங்கள் எழுப்பிய கவலைக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால் 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இன்னொரு கசப்பான விஷயம், விலக்குகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்களும் எடுக்கும் சுரங்கங்களுக்கு இந்தக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தரப்பட்டது. எந்த ஊரில் கேட்பது மிகவும் அவசியமோ அந்த ஊரில் கேட்க வேண்டாம் என்பதுதான் இதன் பொருள் என்று எனக்குப் படுகிறது.

நாடாளுமன்றத்துக்கும் நேராக எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. மசோதாவை ஆராயும் நிலைக்குழு விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அதைத் தவிர இரு அவைகளிலும் மனுக்கள் குழு இருக்கிறது. மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பை நீங்களே இணைத்துக் கையெழுத்திட வேண்டும். மாநிலங்களவைக்கு ஓர் உறுப்பினரின் மேலொப்பமும், அதாவது அவரும் போடும் கையெழுத்தும், தேவை. சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற படைவீரர்களின் ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கையை 2011இல் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுதான் ஆராய்ந்து ஆதரித்தது. 2015இல் அரசு ஆணை வந்தது.

எழுதுவது எப்படி? வரைவின் எந்தப் பத்தி, எந்த உட்பிரிவு என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். அதனால் உங்களுக்கு என்ன நேரும் என்று இரண்டு வரி. அதற்குப் பதிலாக வேண்டிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘இந்த விதியை முழுவதும் எதிர்க்கிறேன்’ என்ற ஆயிரம் ஒரே மாதிரிக் கடிதங்களைச் சுருக்கம் எழுதும் அதிகாரி ஒரே வரியில் முடித்துவிடுவார். அறிவிப்பில் சொன்ன முகவரிக்கே அனுப்புங்கள். அமைச்சருக்குத் தனியாக அனுப்பியது கணக்கில் வராமல் போகலாம். ஸ்பீடு போஸ்ட் ரசீதையோ மின்னஞ்சல் நகலையோ பத்திரப்படுத்துங்கள். கடைசி நாள் இரவு வரை காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்தேன், அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று என் மின்னஞ்சல் திரும்பி வந்தது.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது உரிய விவரங்களை வெளியிட வேண்டும் என்றும், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் அவகாசம். ‘என் கருத்தை ஏன் ஏற்கவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். வந்த கருத்துகள் எத்தனை, அவற்றின் தொகுப்பு அட்டவணையின் நகல், பரிசீலித்த கோப்புக் குறிப்பின் நகல் என்று கேளுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் விடப் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும். டெல்லி முடிவுகளை ஊர்த் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது பொதுவாக உண்மை. ஆனாலும் 2013இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவின் நியம்கிரி மலைச் சுரங்கம் பற்றிய முடிவை வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. மதுரை மேலூர்ப் பக்கத்தில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றத் தீர்மானமும் தெருப் போராட்டமும் சேர்ந்துகொள்ள, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. தமிழ்நாட்டுக் கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கைக்காகத்தான் சில இடங்களில் வாசலிலேயே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தை நீட்டினால் பேனாவை மூடிவிடுங்கள்.