கிணற்றில் பத்தடியும் அணையில் பத்தடியும் காதுக்கு ஒன்றுதான்

நேற்று சாயங்காலம் ஓபி முடிகிற நேரம். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் பாட்டி கூட்டி வந்தார். இடது காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தான். "கிணத்துல குளிக்கறப்போ தண்ணி பூந்துருச்சுங்க டாக்டரம்மா. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு வேளை ஊத்திப் பார்த்துட்டேன்" என்றார்.

எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பை வைத்தேன். செவிப்பறையின் கீழ்ப்பாதியில் எள்ளளவு கிழிசல். ஓரம் சிவந்து, காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது. என்ன விளையாட்டு என்று கேட்டால், "அடி மண்ணு எடுத்துட்டு வர பந்தயம்ங்க." மூக்கில் சளி வேறு.

தண்ணீர் புகுந்து காது கெடவில்லை. அழுத்தம் தாங்காமல் கிழிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் எல்லோரும் சொல்வதைத்தான் அந்தப் பாட்டியும் சொன்னார்: "சின்னக் கிணறுதானுங்களே? மேட்டூர் டேமா, கடலா?"

இந்த ஒரு எண்ணத்தை எப்படி மாற்றுவது என்றே தெரியவில்லை. தண்ணீர் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது காதுக்குத் தெரியாது. தலைக்கு மேல் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. மேட்டூர் அணையில் பத்தடி ஆழத்தில் என்ன அழுத்தமோ, அதேதான் உங்கள் தோட்டத்துக் கிணற்றிலும். கடல்நீர் உப்பினால் கொஞ்சம் அடர்த்தி கூடியது. ஆனால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்குள்தான். செவிப்பறை சுமார் 9 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன். பத்தடியில் அதன் மேல் கூடுதலாக ஏறும் பளு ஏறக்குறைய 200 கிராம்.

ஆழத்துக்குப் போனால்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. முதல் 33 அடியில் நடுக்காதில், அதாவது செவிப்பறைக்குப் பின்னால், அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த 33 அடியில் அந்தப் பாதி, முதலில் இருந்ததில் மூன்றில் ஒன்றாகத்தான் ஆகிறது. பெரிய மாற்றம் மேலேயே நடந்துவிடுகிறது. ஐந்தடியிலேயே கிழிந்த செவிப்பறைகள் உண்டு.

ஏற்காடு போனவர்களுக்கு எளிதாகப் புரியும். மேலே ஒரு காலி பாட்டிலை இறுக மூடி எடுத்து வாருங்கள். அடிவாரத்தில் பார்த்தால் ஒடுங்கியிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,200 மீட்டர் இறங்கினால் கூடுகிற காற்றழுத்தம், கிணற்றில் சுமார் நாலரை அடி இறங்குவதற்குச் சமம். தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் 800 மடங்குக்கும் மேல், அதனால்தான். மலையிலிருந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. நாலு தடவை எச்சில் விழுங்கினால் காது திறந்துகொள்கிறது. கிணற்றில் குதிப்பவனுக்கு இரண்டு விநாடிகூடக் கிடையாது.

எனக்குப் பெரிய பயம் வேறு. கிழிந்த ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் போனால் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகும். நன்றாக நீச்சல் தெரிந்த பையன்கூடத் தண்ணீருக்குள் அப்படித் திசை தப்பினால், என்னிடம் வருவதற்கு மிச்சம் இருக்க மாட்டான்.

சளி, மூக்கடைப்பு இருந்தால் முக்குளிக்கக் கூடாது. மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்திருக்கும். சளி இல்லையென்றாலும், வலிக்கும் முன்பே, இரண்டடிக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெதுவாக ஊத வேண்டும். காது திறக்கவில்லையா, மேலே வந்துவிடு. காது திறக்காமலே நாலடி இறங்கிவிட்டால் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும்; அதன்பின் எவ்வளவு ஊதியும் பயனில்லை. காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்துக்கொண்டு முக்குளிக்காதீர்கள்.

தயவுசெய்து எண்ணெய் ஊற்றாதீர்கள். சொட்டு மருந்தும் கடையில் கேட்டு வாங்கி விடாதீர்கள். கிழிந்த காதில் ஊற்றுவதெல்லாம் நேராக உள்ளே போகிறது, சீழ் வைக்கிறது. ஈரம் படாமல் வைத்திருந்தால் இப்படிப்பட்ட கிழிசல் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தானாகவே மூடிவிடும். எண்ணெய் ஊற்றிச் சீழ் பிடித்த பிறகு வந்த பிள்ளைகளில் சிலருக்குச் செவிப்பறை ஒட்டும் ஆபரேஷன்வரை போயிருக்கிறது. காது வலி, ரத்தம், அடைப்பு, தலைசுற்றல், எதுவானாலும் நேராக வாருங்கள்.

"இனிமே கிணத்துப் பக்கமே விடமாட்டேனுங்க" என்றார் பாட்டி. வேண்டாம் என்றேன். காது ஆறியதும் விடுங்கள், பெரியவர் ஒருவர் கூட இருக்க நீச்சல் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். அடி மண் எடுக்கிற பந்தயம் மட்டும் வேண்டாம். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவரை குளிக்கும்போது காதில் வேசலின் தடவிய பஞ்சு, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, எண்ணெய்க் கிண்ணம் அலமாரியில்.