பாஸ்வேர்ட் ஸ்ட்ராங்கா தான் இருந்துச்சு, அப்புறம் எப்படி அக்கவுண்ட் போச்சு?

அக்கவுண்ட் பறிபோனவங்களுக்கு அதை மீட்டுக் கொடுக்கறதும், எந்த வழியா போச்சுன்னு தோண்டிப் பாக்கறதும் தான் என் வேலை. வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் முதல்ல சொல்றது ஒரே விஷயம், "பாஸ்வேர்ட் யார்கிட்டயும் சொல்லலீங்க, பெருசா தான் வெச்சிருந்தேன், நம்பர் ஸ்டார் எல்லாம் போட்டு". பொய் கிடையாது, பாத்தா நிஜமாவே நல்ல பாஸ்வேர்டா தான் இருக்கும். ஆனா இன்னிக்கு உங்க பாஸ்வேர்டை உக்காந்து யூகிச்சுக்கிட்டு இருக்க எவனுக்கும் பொறுமை இல்ல. உள்ள வர்றதுக்கு வேற வழி நாலஞ்சு திறந்து கிடக்கும், அதெல்லாம் இருக்குன்னே நீங்க மறந்திருப்பீங்க, அவன் மறக்க மாட்டான்.

பாஸ்வேர்ட் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடறேன். அது எவ்ளோ ஸ்ட்ராங்னு பாக்கறதை விட, அதையே இன்னும் எத்தனை இடத்துல போட்டிருக்கீங்கன்னு பாருங்க. லிங்க்ட்இன்ல 2012ல திருட்டுப் போன லிஸ்ட்ல முதல்ல வெளிய வந்தது 65 லட்சம் பாஸ்வேர்ட் தான், 2016 மே மாசம் மொத்தமும் விலைக்கு வந்தப்போ 11 கோடிக்கு மேல இருந்துச்சு, பாஸ்வேர்டை உருமாத்தி (ஹாஷ்) தான் வெச்சிருந்தாங்க, ஆனா ஒவ்வொண்ணுலயும் தனியா கலக்கற கூடுதல் எழுத்து (சால்ட்) சேர்க்காததால உடைக்கறதும் ஈஸியா போச்சு. அடுத்த மாசமே மார்க் ஸக்கர்பெர்கோட ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் ரெண்டையும் தூக்கிட்டாங்க, அந்த லிங்க்ட்இன் லிஸ்ட்ல இருந்து தான் எடுத்தோம்னு தூக்கினவங்களே சொன்னாங்க. அவருக்கே அப்படி. ஒவ்வொரு சைட்டுக்கும் வேற வேற பாஸ்வேர்ட் போட்டு ஞாபகம் வெச்சுக்கற பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்ல உங்க மெயில் ஐடி எந்தெந்த லீக்ல வந்திருக்குன்னு பாத்துக்கோங்க, போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை சும்மா மாத்தணும்ங்கறதெல்லாம் பழைய கதை, அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியே 2017ல அதை வேணாம்னு சொல்லிடுச்சு, ஏன்னா கட்டாயப்படுத்தினா ஜனங்க கடைசில இருக்கற 1ஐ 2ன்னு மாத்திட்டு போயிடுவாங்க.

இப்ப முக்கியமான வழிக்கு வர்றேன், செஷன், அதாவது நீங்க லாகின் ஆகி உள்ள இருக்கற நிலை. நீங்க பாஸ்வேர்ட் போட்டு, ஓடிபியும் போட்டு உள்ள போனதும் அந்த சைட் உங்க ப்ரௌசர்கிட்ட ஒரு டோக்கன் கொடுக்கும். கண்காட்சிக்குள்ள போறப்போ கையில முத்திரை குத்தி விடுவாங்கல்ல, அதே தான், அதுக்கப்புறம் யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க. அந்த டோக்கனை ஒருத்தன் காப்பி பண்ணிட்டான்னா அவனுக்கு பாஸ்வேர்டும் வேணாம் ஓடிபியும் வேணாம், சைட்டைப் பொறுத்தவரைக்கும் அவன் தான் நீங்க. 2018 செப்டம்பர்ல ஃபேஸ்புக்ல நடந்தது இது தான், நம்ம ப்ரொஃபைல் மத்தவங்களுக்கு எப்படி தெரியும்னு பாக்க 'வியூ ஆஸ்'னு ஒரு வசதி இருந்துச்சு, அதுல மூணு ப்ரோக்ராம் கோளாறு (பக்) ஒண்ணா சேர்ந்து வேற ஆளோட டோக்கனையே வெளிய கொடுத்துடுச்சு, அப்படி எடுத்தது கிட்டத்தட்ட 3 கோடி பேரோட டோக்கன். அப்ப ஃபேஸ்புக் யாரையும் பாஸ்வேர்ட் மாத்தச் சொல்லல, 9 கோடி அக்கவுண்டை லாக் அவுட் பண்ணி விட்டாங்க, ஏன்னா டோக்கன் செத்துட்டா வேலை முடிஞ்சுது.

அது கம்பெனி பக்கத்து ஓட்டை, நம்ம கையில இல்ல. நான் அதிகமா பாக்கறது நம்ம கம்ப்யூட்டர்ல இருந்தே டோக்கன் போறது. சேனல் நடத்தறவங்க, பேஜ் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு மெயில் வரும், ஸ்பான்சர்ஷிப் தர்றோம், ஒப்பந்தம் இணைச்சிருக்கோம்னு. திறந்தா பிடிஎஃப் ஐகான் இருக்கும், ஆனா ஃபைல் பிடிஎஃப் இல்ல, எக்ஸிகியூட்டபிள், அதாவது க்ளிக் பண்ணா ஓடற ப்ரோக்ராம். விண்டோஸ் ஃபைல் பேரோட கடைசிப் பகுதியை தானாவே மறைச்சு தான் காட்டும், அது இவங்களுக்கு ரொம்ப வசதி (அந்த செட்டிங்கை மொதல்ல மாத்துங்க, எக்ஸ்ப்ளோரர்ல ஃபைல் எக்ஸ்டென்ஷன் காட்டுன்னு ஒரு டிக் தான்). க்ளிக் பண்ணா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், அதுக்குள்ள ப்ரௌசர்ல இருக்கற குக்கி (அந்த டோக்கன் இருக்கறது இதுல தான்), சேவ் பண்ணி வெச்ச பாஸ்வேர்ட் எல்லாம் வாரி சுருட்டி அனுப்பிடும். யூடியூப்காரங்களை குறி வெச்சு இது 2019ல இருந்தே நடக்குதுன்னு கூகுள் 2021ல எழுதுச்சு, 2023 மார்ச்ல லைனஸ் டெக் டிப்ஸ்னு கோடிக்கணக்கான பேர் பாக்கற சேனலே இப்படித் தான் போச்சு. டெக் பத்தியே பேசி சம்பாதிக்கறவங்க அவங்க. அதனால "எனக்கு கம்ப்யூட்டர் நல்லா தெரியும்"னு சொல்றவங்களைப் பாத்தா தான் எனக்கு பயமா இருக்கும். க்ராக் பண்ண சாஃப்ட்வேர், கேம்ல குறுக்குவழில ஜெயிக்க வைக்கற சீட் (cheat), ஏதோ டவுன்லோட் பண்ணித் தர்ற எக்ஸ்டென்ஷன், இதுலயும் இதே சரக்கு தான் வருது.

இதுல ஜனங்க தப்பு பண்றது வரிசையில. அக்கவுண்ட் போச்சுன்னு தெரிஞ்சதும் அதே கம்ப்யூட்டர்ல உக்காந்து அவசர அவசரமா புது பாஸ்வேர்ட் போடுவாங்க, அதையும் உள்ள உக்காந்திருக்கற அந்த திருட்டு ப்ரோக்ராம் (மால்வேர்) எடுத்துக்கும். முதல்ல அந்த மெஷினை நெட்ல இருந்து கழட்டுங்க. சுத்தமான வேற ஒரு போன்ல இருந்து முதல்ல மெயில் அக்கவுண்ட், அப்புறம் சோஷியல் மீடியான்னு போங்க, ரெண்டுலயும் எல்லா டிவைஸ்ல இருந்தும் லாக் அவுட் கொடுங்க, அதுக்கப்புறம் பாஸ்வேர்ட். பழைய மெஷினை முழுசா ரீசெட் பண்ணாம திரும்ப லாகின் பண்ணாதீங்க. மெயில்ல உங்க மெயிலை தானா வேற ஐடிக்கு அனுப்பற ஃபார்வர்டிங் ரூல் ஏதாவது புதுசா இருக்கான்னும் பாருங்க, இதை விட்டுட்டு ரெண்டாவது தடவையும் பறிகொடுத்தவங்க உண்டு.

அடுத்தது ஓடிபி. எஸ்எம்எஸ்ல வர்ற கோட் ஒண்ணுமே இல்லாததுக்கு நல்லது தான், ஆனா அது உங்க போனுக்கு வர்றது இல்ல, உங்க நம்பருக்கு வருது, நம்பர் யார் சிம்ல இருக்கோ அவங்களுக்குப் போகும். 2019 ஆகஸ்ட்ல ட்விட்டரோட அப்போதைய சிஇஓ ஜாக் டோர்சி அக்கவுண்ட்லயே கன்னாபின்னான்னு ட்வீட் வந்துச்சு, அவரோட நம்பரை டெலிகாம் பக்கத்துல ஏமாத்தி வாங்கி, எஸ்எம்எஸ் அனுப்பினா ட்வீட் ஆகற பழைய வசதி வழியா போட்டாங்க. அதனால எஸ்எம்எஸ் இல்லாம போன்லயே கோட் காட்டற அத்தன்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்க. ஆனா அதுவும் முழுசா காப்பாத்தாது, இதை நிறைய பேர் சொல்றதில்ல. உங்க பேஜ் காப்பிரைட் மீறிடுச்சு, 24 மணி நேரத்துல மூடிடுவோம்னு ஒரு மெசேஜ் வரும், லிங்க்கை அமுக்குனா அச்சு அசல் லாகின் பேஜ், நீங்க போடற பாஸ்வேர்டையும் ஆப்ல இருக்கற ஆறு நம்பரையும் அந்த நிமிஷமே அவன் நிஜ சைட்ல போட்டு டோக்கனை எடுத்துக்குவான். இதை நிறுத்தறது பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்கற டிஜிட்டல் சாவி) செக்யூரிட்டி கீயும் (அதே வேலை செய்யற சின்ன தனிக் கருவி) தான், ஏன்னா அது சைட்டோட அட்ரஸைப் பாத்து தான் வேலை செய்யும், கண்ணு ஏமாந்தாலும் அது ஏமாறாது. பாஸ்வேர்ட் மேனேஜரும் கொஞ்சம் அப்படித் தான், எப்பவும் தானா நிரப்பற இடத்துல நிரப்பலைன்னா கையில டைப் பண்ணாம அட்ரஸை ஒரு தடவை படிங்க.

வாட்ஸ்ஆப்ல நடக்கறது இன்னும் எளிமை. தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து மெசேஜ், "தப்பா உங்களுக்கு ஒரு கோட் வந்துடுச்சு, அனுப்புங்களேன்". அந்த தெரிஞ்சவங்க அக்கவுண்ட் ஏற்கனவே போயாச்சு, வந்திருக்கற கோட் உங்க அக்கவுண்டை வேற போன்ல ஏத்தறதுக்கு. செட்டிங்ஸ்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் ஒண்ணு போட்டு வெச்சா கோட் போனாலும் பின் இல்லாம உடனே ஏற முடியாது. அது தவிர லிங்க்ட் டிவைசஸை அப்பப்ப திறந்து பாருங்க, ஓட்டு போடுங்க, பரிசு வாங்குங்கன்னு சொல்லி க்யூஆர் ஸ்கேன் பண்ண வெச்சு அவன் கம்ப்யூட்டரை உங்க அக்கவுண்ட்ல சேர்த்திருந்தா அங்க தான் தெரியும், உங்க போன்ல எல்லாம் வழக்கம் போலவே ஓடிக்கிட்டு இருக்கும்.

ரெகவரி மெயில், ரெகவரி நம்பர். இதை யாரும் பாக்கறதே இல்ல. பத்து வருஷம் முன்னாடி அக்கவுண்ட் ஆரம்பிச்சப்போ கொடுத்த மெயில் ஐடி, பழைய ஆபீஸ் ஐடி, புதுப்பிக்காம விட்ட சொந்த டொமைன் (மெயில் ஐடில @க்கு அப்புறம் வர்ற பேர்), இதெல்லாம் இன்னும் உங்க அக்கவுண்டுக்கு சாவி. டொமைனை விட்டுட்டா யார் வேணா வாங்கலாம், வாங்கினவனுக்கு உங்க பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் போகும். யாஹூ 2013ல ரொம்ப நாள் யாரும் தொடாத ஐடிகளை வேற ஆளுங்களுக்கு கொடுத்துச்சு, பழைய ஆளுக்கு வர வேண்டிய மெயில் எல்லாம் புது ஆளுக்கு வந்துச்சு. போன் நம்பரும் அதே கதை, விட்டுட்டா கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போகும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருங்க 2021ல அமெரிக்காவுல புது கஸ்டமருக்கு கொடுக்க தயாரா இருந்த 259 நம்பரை எடுத்துப் பாத்தாங்க, அதுல 171 நம்பர் பழைய ஆளுங்களோட ஏதோ ஒரு ஆன்லைன் அக்கவுண்டோட இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நம்பர் மாத்தறதா இருந்தா சிம்மை விடறதுக்கு முன்னாடி எல்லா அக்கவுண்ட்லயும் மாத்திட்டு தான் விடணும்.

கனெக்டட் ஆப்ஸ்னு ஒரு பக்கம் எல்லா நெட்வொர்க்லயும் செட்டிங்ஸ்ல இருக்கும், திறந்து பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். என்னிக்கோ விளையாடின க்விஸ், ஃபாலோயர் கணக்கு காட்டற ஆப், எல்லாம் இன்னும் அனுமதியோட உக்காந்திருக்கும். 2017 மார்ச்ல ட்விட்டர் கவுண்டர்னு ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வீஸுக்குள்ள புகுந்து, அதுக்கு அனுமதி கொடுத்திருந்த பெரிய பெரிய அமைப்புங்களோட அக்கவுண்ட்ல எல்லாம் நாஜி சின்னத்தோட ட்வீட் போட்டாங்க, ஒருத்தரோட பாஸ்வேர்டும் போகல. கேம்ப்ரிட்ஜ் அனாலிடிகா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, தேர்தல் பிரச்சார வேலை பண்ணின கம்பெனி, அதுக்கு ஃபேஸ்புக் விவரம் போனது ஒரு பர்சனாலிட்டி க்விஸ் ஆப் வழியா, அந்த ஆப்பை போட்டது சில லட்சம் பேர், விவரம் போனது 8.7 கோடி பேர் வரைக்கும், ஏன்னா அப்ப ஃப்ரெண்ட் ஒருத்தர் ஓகே கொடுத்தா உங்க விவரமும் சேர்ந்து போகும். அந்த வழியை அப்புறம் மூடிட்டாங்க, 2019ல ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதமும் விழுந்துச்சு. ஆனா போட்டு மறந்த ஆப் இன்னும் நம்ம பிரச்சனை தான். யூஸ் பண்ணாததை எல்லாம் ரிமூவ் கொடுங்க, யோசிக்காதீங்க, வேணும்னா திரும்ப சேர்த்துக்கலாம்.

போன் நம்பரை ப்ரொஃபைல்ல தேட விடாதீங்க. 2021ல வெளிய வந்த 53.3 கோடி ஃபேஸ்புக் பயனாளிங்க விவரம் பாஸ்வேர்ட் உடைச்சு எடுத்தது இல்ல, கான்டாக்ட் சேர்க்கற வசதில நம்பரா கொட்டி யார் யார்னு கேட்டு எடுத்தது. உங்க பேரைச் சொல்லி கூப்பிடற மோசடி கால் வருதுன்னா அதுக்கு விவரம் இப்படிப்பட்ட லிஸ்ட்ல இருந்தும் போயிருக்கலாம்.

இன்னொண்ணு, அக்கவுண்ட் போச்சுன்னு நீங்க எங்கயாவது எழுதினா உடனே ரெண்டு பேர் வருவாங்க, "எனக்கும் இப்படி ஆச்சு, இன்னார் மீட்டுக் கொடுத்தார், அவருக்கு மெசேஜ் பண்ணுங்க". அந்த இன்னாரும் மோசடி தான், விதிவிலக்கே நான் பாத்ததில்ல. முன்பணம் வாங்குவான், அப்புறம் உங்க ஐடி கார்ட் போட்டோ கேப்பான், அதோட ரெண்டாவது திருட்டும் முடிஞ்சிடும். அந்தந்த ஆப்போட சொந்த ரெகவரி பக்கம் தவிர வேற வழி கிடையாது, அது மெதுவா தான் நகரும், எரிச்சலா தான் இருக்கும்.

எல்லாத்தையும் சரியா பண்ணாலும் கம்பெனி ஆளையே ஏமாத்தினா நீங்க என்ன பண்ண முடியும்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி தான். 2020 ஜூலைல ட்விட்டர் ஊழியருங்களுக்கு போன் போட்டு ஏமாத்தி உள் டூலுக்கே போயிட்டாங்க, ஒபாமா, பில் கேட்ஸ்னு 130 அக்கவுண்டை குறி வெச்சு 45ல பிட்காயின் மோசடி ட்வீட் போட்டாங்க, அதை எந்த பாஸ்கீயும் தடுத்திருக்காது. பேப்பர்ல வந்தது ட்வீட் தான், எனக்கு உறுத்தறது வேற, 36 பேரோட டைரக்ட் மெசேஜையும் படிச்சிருக்காங்க. ட்வீட்டை டெலீட் பண்ணிடலாம், படிச்சதை என்ன பண்றது. உங்க இன்பாக்ஸ்ல பழைய ஐடி கார்ட் போட்டோ, பேங்க் பாஸ்புக் பக்கம், யாருக்கோ அனுப்பின வைஃபை பாஸ்வேர்ட், குழந்தையோட ஸ்கூல் விவரம் எல்லாம் கிடக்கும், உள்ள வர்றவன் முதல்ல தேடறதே அதைத் தான். இன்னிக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி போட்டோ டேப்ல மேல போய்ட்டே இருந்து அதெல்லாம் அழிச்சிடுங்க, எதிர்ப்பக்கம் இருக்கறவங்க கிட்டயும் அவங்க காப்பியை அழிக்கச் சொல்லுங்க, நீங்க உங்க பக்கம் மட்டும் அழிச்சா அவங்க அக்கவுண்ட் போற அன்னிக்கு அது அங்க இருந்து போகும்.