சொல்லைச் சொல்லாமல் சொல்லு: வர்த்தகப் பிள்ளையளோட ஒரு மீட்டல் விளையாட்டு

கிளிநொச்சிப் பக்கம் ஏஎல் பிள்ளையளுக்குப் பொருளியலும் ஓஎல்லுக்கு வணிகமும் கணக்கீடும் படிப்பிக்கிறன். சோதினைக்கு முதல் வரைவிலக்கணம் கேட்டா எல்லாரும் வரி பிசகாமல் ஒப்புவிப்பினம், ஆனா உங்கட ஊரில நடந்த ஒண்டை வச்சுச் சொல்லுங்கோ எண்டா வகுப்பில ஒரு சத்தமும் வராது.

அதுக்காகத் தான் இந்த விளையாட்டு. பழைய கலண்டர் மட்டையை வெட்டி ஒவ்வொண்டிலயும் ஒரு சொல் எழுதி வச்சிருக்கிறன், ஒரு பிள்ளை கரும்பலகைக்கு முதுகு காட்டிக் கதிரையில இருக்கும், மற்றாக்கள் மட்டையைப் பாத்து அந்தச் சொல்லு வாயில வராமல் ஒரு நிமிசத்துக்குள்ள விளக்கோணும். புத்தக வரியும் வரப்படாது, ஊரில கண்டதைத் தான் சொல்லோணும். இந்தக் கடைசிச் சட்டத்தை விட்டா விளையாடிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

அமையச் செலவுக்கு, அதாவது ஒண்டைத் தெரிவு செய்ததால கைவிட்ட மற்றதின்ர பெறுமதிக்கு, ஒரு பெடியன், "அப்பா இந்தச் சிறுபோகம் வயல் செய்யாமல் மேசன் வேலைக்குப் போனவர், சம்பளம் வந்தது தான், ஆனா வயல் செய்திருந்தா வந்திருக்கிற லாபம்?" எண்டான். கதிரையில இருந்தவ உடன சொல்லிட்டா. 'அருமை'க்கு (வேண்டிற அளவுக்கு வளம் இல்லாதது) இன்னொருத்தி, இரணைமடுக் குளத்துத் தண்ணி எல்லா வயலுக்கும் காணாது எண்டு சிறுபோகத்துக்குக் காணியைக் குறைச்சுப் பங்கிடுறதைச் சொன்னா. ஆனா ஆக்கள் வாங்க விரும்பிற அளவைக் குறிக்கிற 'கேள்வி'க்கு வந்த பதில் 'வினா'. அருமை, கேள்வி, நிரம்பல் (விக்க வாற அளவு) எல்லாம் வீட்டில வேற கருத்தில புழங்கிற சொல்லுகள், பிள்ளையள் தடுமாறுறது அவையின்ர பிழை இல்லை.

யூரியூப்பில படிக்கிற பிள்ளையளுக்கு இன்னொரு சிக்கல். கேள்வி, நிரம்பல், அமையச் செலவு எண்டதைத் தமிழ்நாட்டில தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு எண்டுவினம், அதைச் சமாளிக்கலாம், கணக்கீட்டில தான் ஆபத்து, அங்க பற்று வரவு எண்டேக்க வரவு கணக்கின்ர வலப்பக்கம், எங்கட புத்தகத்தில வரவு செலவு எண்டேக்க வரவு இடப்பக்கம். ஒரே சொல்லு, நேர் எதிர்ப் பக்கம். இதுக்கு ரெண்டு நிற மட்டை வச்சிருக்கிறன், ரெண்டையும் ஒண்டாக் காட்டித் தான் விளக்குவன்.

பணவீக்கத்துக்கு எல்லாரும் 2022ஐத் தான் சொல்லுவினம். அந்த வருசம் செப்ரெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 69.8 வீதம், அடுத்த செப்ரெம்பரில 1.3 வீதம். அப்ப சாமான் விலை இறங்கிட்டுதோ எண்டு கேட்டா பாதிப் பேர் ஓம் எண்டு கை உயர்த்துவினம். விலை இறங்கேல்ல, ஏறின விலைக்கு மேல ஏறுற வேகம் தான் குறைஞ்சது, இதை விளங்கப்படுத்த ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

ஒருநாள் 'பிணையாளி' மட்டை வந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "அம்மா பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கையெழுத்து வச்சவ, அன்ரி கட்டேல்ல, இப்ப கிழமைக்குக் கிழமை அம்மா தான் கட்டுறா" எண்டு சொல்லிச்சு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல. கடன், வட்டி எண்டு வாற மட்டையளுக்கு உங்கட வீட்டுக் கதை வேண்டாம், பொதுவா ஊரில கேள்விப்பட்டதைச் சொல்லுங்கோ எண்டு அண்டைக்கே சட்டத்தை மாத்தினனான், நீங்களும் வகுப்பில செய்யிறதெண்டா தொடக்கத்திலயே அப்பிடிச் செய்யுங்கோ.

மிச்ச நேரத்தில கரும்பலகையில ஒரு கணக்குப் போட்டம். 50,000 ரூபா கடன், வருசத்துக்கு 24 வீதம் நிலையான வட்டி, 52 கிழமை. வட்டி 12,000, ஆக 62,000, கிழமைக்கு கிட்டத்தட்ட 1,192 ரூபா. கேக்க நியாயமாத் தான் இருக்கு. ஆனா முதல் கிழமையில இருந்தே எடுத்த கடன்காசு குறைஞ்சுகொண்டு போகுது, வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் போகுது, சராசரியாப் பாத்தா எங்கட கையில இருந்தது பாதிக் காசு தான், அப்ப உண்மையான வட்டி 24இன்ர ரெண்டு மடங்குக்குக் கிட்ட வரும். "அப்ப குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா எண்டு கையெழுத்து வைக்க முதலே கேக்கோணும் என்ன ரீச்சர்" எண்டு அந்தப் பிள்ளை தான் கேட்டது. இப்ப 'குறைந்து செல்லும் மீதி'யும் ஒரு மட்டையில இருக்கு.