‘கல்யாணம் எப்போ?’ என்று கேட்கும் இன்டர்வியூ

சம வாய்ப்பு பாலிசி இருக்கிறதா என்று கேட்டால் எந்த கம்பெனியும் இல்லை என்று சொல்லாது. வரவேற்பறையில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். சிக்கல் கிளம்புவது வேறு இடத்தில். இன்டர்வியூவில் பேச்சுவாக்கில் விழும் கேள்வி, பல வருடமாக யாரும் திருத்தாத அப்ளிகேஷன் ஃபார்ம், ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிக்குப் போகும் வாட்ஸ்அப் மெசேஜ். ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் சட்டத்தைப் படிக்கும்போது இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைகள் சட்டம் மாதிரி, தனியார் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரே பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. சம வாய்ப்பு தரும் அரசமைப்பின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியாருக்கு இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள். வயதைக் காரணம் காட்டி ஒருவரைத் தனியார் நிறுவனம் ஒதுக்கினால், கையில் எடுக்க நேரடிச் சட்டம் எதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

பெண்கள் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1976 சம ஊதியச் சட்டம் சம்பளத்தோடு நிற்கவில்லை, ஆள் எடுப்பதிலும் பாகுபாட்டைத் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டதும் (நிறுவனம் மறுத்தது), மத்திய தொழிலாளர் அமைச்சகம் அந்த 1976 சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சுட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ‘கல்யாணம் எப்போ?’, ‘குழந்தையை யார் பார்த்துப்பாங்க?’ என்ற கேள்விகளை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. பெண்களிடம் மட்டும் கேட்டு, பதிலை வைத்து ஆளைக் கழித்தால் அது பாலினப் பாகுபாடு என்ற வாதத்துக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.

சம்பளத்தில் ‘எங்களுக்குக் கட்டுப்படியாகாது’ என்ற பேச்சும் எடுபடாது. பெண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில், 1987லேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

சாதியை நேராக யாரும் கேட்பதில்லை. ‘நேட்டிவ் எங்கே?’ என்று ஆரம்பிக்கும். அப்புறம் ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘அப்பா என்ன பண்றாங்க?’ நம் ஊரில் இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் நான்காவது கேள்வி தேவைப்படாது. தீண்டாமையின் பேரில் வேலையைத் தடுப்பது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் இப்படி நாசூக்காகக் கழிக்கப்பட்டவர் அதை நிரூபிப்பது கடினம். அதனாலேயே கேள்வித்தாளை முன்கூட்டியே எழுதி, எல்லாரிடமும் அதையே கேட்கச் சொல்கிறேன். ஃபார்மில் ‘கம்யூனிட்டி’ என்ற கட்டம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும், அதை ஆணையரிடம் பதிவும் செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், எந்தெந்தப் பணியிடம் பொருந்தும், என்ன வசதி உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து என்றால் 5 லட்சம் வரை போகலாம். இணையத்தில் கிடைத்ததை நகலெடுத்து, ‘சாய்தளம் உள்ளது’ என்று எழுதி, வாசலில் நான்கு படி வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு.

திருநர்களுக்கு 2019 சட்டம் இருக்கிறது. வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது, புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

மெடிக்கல் டெஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். லேப் அனுப்பும் ‘ப்ரீ எம்ப்ளாய்மென்ட் பேக்கேஜ்’ பட்டியலை விலையை மட்டும் பார்த்து ஓகே செய்துவிடுகிறோம். அதில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். வேலை கொடுக்க அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக்குவதை 2017 ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. லேப்காரர் சேர்த்துவிட்டார் என்பது பதிலாகாது.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் மெசேஜ். ‘யங் மேல் வேணும், லோக்கல் ஆள் வேண்டாம்’ என்று மேனேஜர் அனுப்பினால், அப்படியே கன்சல்டன்சிக்குத் தள்ளிவிடாதீர்கள். ‘இந்த வேலைக்கு எந்தத் திறமை வேண்டும்? ஷிப்ட் என்ன? எவ்வளவு எடை தூக்க வேண்டும்?’ என்று மெயிலில் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதிலில் ஆணும் இருக்காது, வயதும் இருக்காது. ஆளை நிராகரிக்கும்போதும் ‘நாட் சூட்டபிள்’ என்று முடிக்காமல், கேட்ட திறமையில் எது இல்லை என்று ஒரு வரி எழுதி, தேதியோடு ஃபைலில் வையுங்கள்.