லாரி மூக்கில் தொங்கும் ப்ளக்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கச்சி மகன் கனடாவில், எட்மண்டன் பக்கம் லாரி ஓட்டுகிறார். அங்கிருந்து வந்த வீடியோவில், லாரியின் முன் கிரில்லுக்குள்ளிருந்து ஒரு மூணு முள் ப்ளக் தொங்குகிறதாம். "டீசல் வண்டிதான் மாமா. ராத்திரி கரண்டுல சொருகி வைக்கணும், இல்லேன்னா காலையில எந்திரிக்காது" என்றாராம் மருமகன். "டீசல்ல ஓடுற வண்டிக்குக் கரண்டு எதுக்கு சார், பேட்டரி சார்ஜ் ஏத்தவா?" என்பது மாமாவின் கேள்வி.

பேட்டரிக்கு இல்லை. அந்த வயரின் மறுமுனை, சிலிண்டர்கள் இருக்கிற என்ஜின் பிளாக்குக்குள், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் பாதையில் இருக்கிறது. பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்கச் சில ஓட்டைகள் விடுவார்கள். பிறகு அவற்றைக் கிண்ணம் மாதிரியான உலோக மூடிகளால் அடைத்துவிடுவார்கள். மெக்கானிக்குகள் கோர் ப்ளக் என்பது அதைத்தான். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹீட்டர் சுருளைப் பொருத்துகிறார்கள். பிளாக் ஹீட்டர் என்று பெயர். நம் வீட்டில் வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் ராடு இருக்கிறதே, அதே சங்கதி. காருக்கு 400 வாட் போதும். பெரிய லாரிக்கு 1000 முதல் 1500 வாட் வரை வேண்டும். பம்ப் எதுவும் ஓடத் தேவையில்லை. சூடான கூலன்ட் லேசாகி மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும், பிளாக் முழுக்க அதுவாகவே சுற்றி வரும்.

இதைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உள்ளே ஹீட்டர் வைத்த போல்ட்டைப் போட்டார். 1949 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. கனடாவின் வின்னிபெக், எட்மண்டன் போன்ற ஊர்களில் வண்டி நிறுத்துமிடங்களில் வரிசையாகக் கம்பம் நட்டு, அதில் ப்ளக் பாயின்ட் வைத்திருப்பார்கள்.

சரி, என்ஜினை எதற்குச் சூடாக்க வேண்டும்? நான் ரசிக்கிற இடம் இனிமேல்தான்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பிஸ்டன் அதைச் சுமார் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று கொதிக்கிறது. அதில் நாசில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு சூடாகும்? வெப்பம் வெளியே போகவே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதலில் இருந்த கெல்வின் வெப்பநிலையை 17இன் 0.4 அடுக்கால், அதாவது சுமார் 3.1ஆல், பெருக்க வேண்டும். மதுரைக் கத்தரி வெயிலில் 40 டிகிரி என்றால் 313 கெல்வின். பெருக்கினால் 970 சொச்சம், அதாவது 700 டிகிரி செல்சியஸ். எட்மண்டனில் ஒரு மோசமான ராத்திரி, மைனஸ் 40 டிகிரி. 233 கெல்வின். பெருக்கினால் 450 டிகிரி செல்சியஸ் வருகிறது.

டீசல் தானாகப் பற்ற ஆய்வகத்தில் 210 டிகிரி போல இருந்தால் போதும். சிலிண்டருக்குள் காத்திருக்க நேரமில்லை என்பதால் இன்னும் கூட வேண்டும், ஆனாலும் 450 தாராளம். பாடப்புத்தகக் கணக்குப்படி மைனஸ் 40இலும் லாரி ஒரே செல்ஃபில் கிளம்ப வேண்டும். கிளம்புவதில்லை.

தப்பு அந்த 0.4இல் இருக்கிறது. வெப்பம் துளிகூட வெளியேறாதபோதுதான் அந்த எண். சுற்றிலும் மைனஸ் 40இல் உறைந்து கிடக்கிற இரும்புச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு உறிஞ்சும் என்பது எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. செல்ஃப் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் ஒரு அமுக்கத்துக்கு 0.15 வினாடி ஆகும். 80 சுற்றுதான் வருகிறது என்றால் 0.37 வினாடி. இரண்டு மடங்குக்கும் மேல் நேரம். அதற்குள் சூடும் போய்விடும், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்றும் நழுவிவிடும்.

ஏன் 80தான் வருகிறது? ஆயில் தடித்துவிட்டது. நம் ஊர் லாரிகளில் ஊற்றுகிற 15டபிள்யூ-40 ஆயிலில், குளிரில் செல்ஃப் சுழற்ற முடியுமா என்ற சோதனையை மைனஸ் 20 டிகிரியில்தான் செய்கிறார்கள். மைனஸ் 40இல் அது ஏறக்குறைய கிரீஸ். அந்தக் கிரீஸை உடைத்துச் சுழற்ற வேண்டிய பேட்டரிக்கோ, உள்ளே ரசாயன வினை மந்தமாகிவிட்டதால், வழக்கமான பலத்தில் பாதிகூடத் தேறாது. குளிரால் ஆயில் தடிக்கிறது. அதனால் சுற்று குறைகிறது. சுற்று குறைவதால் சூடு வெளியேறுகிறது. சூடு இல்லாததால் பற்றுவதில்லை. பற்றாததால் மறுபடி செல்ஃப் அடிக்கிறோம், பேட்டரி இன்னும் இறங்குகிறது.

இதைக் கணக்கில் கொண்டுவர 0.4ஐக் குறைத்துப் போட வேண்டும். உதாரணத்துக்கு 0.25 என்று வையுங்கள். 17இன் 0.25 அடுக்கு 2.03. இப்போது மைனஸ் 40 காற்று ஏறுவது 200 டிகிரிக்குத்தான். டீசல் வெள்ளைப் புகையாக வெளியே போகும், பற்றாது. அதே 0.25ஐ மதுரைக்குப் போட்டாலும் 360 டிகிரி வந்துவிடுகிறது. அதனால்தான் ரிங் தேய்ந்து, பேட்டரி இறங்கின பழைய வண்டிகளும் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டிலிருந்து தினமும் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்போது ப்ளக்கைச் சொருகுங்கள். 1500 வாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட், அதாவது சுமார் 16 மெகா ஜூல். ஒரு டன் இரும்பையும் அதிலுள்ள 40 லிட்டர் கூலன்ட்டையும் ஒரு டிகிரி ஏற்ற சுமார் 0.6 மெகா ஜூல் வேண்டும். வகுத்தால் 27 டிகிரி. வழியில் காற்றுக்குப் போவதைக் கழித்தால் அதைவிடக் கம்மி. ஆக, மூன்று மணி நேரம் மின்சாரம் குடித்த என்ஜின் தொட்டால் சுடாது. மைனஸ் 40இல் இருந்தது மைனஸ் 15 பக்கம் வந்திருக்கும், அவ்வளவுதான். உள்ளே வரும் காற்றை ஹீட்டர் நேரடியாகத் தொடுவதுகூட இல்லை.

ஆனால் சுவர் அவ்வளவாக உறிஞ்சாது. சிலிண்டரிலும் பேரிங்கிலும் ஆயில் இளகியிருக்கும், சுற்று கூடும், நேரம் குறையும். அந்த அடுக்கு 0.25இலிருந்து 0.32 ஆகிறது என்று வையுங்கள். 17இன் 0.32 அடுக்கு 2.48. காற்று அதே மைனஸ் 40தான், இப்போது ஏறுவது 300 டிகிரிக்கு மேல். இரண்டாம் தசமத்தில் ஒரு சின்ன அசைவு, சிலிண்டருக்குள் நூறு டிகிரி வித்தியாசம். எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் இதைக் கரும்பலகையில் ஒரு சமன்பாடாக மட்டும் பார்க்கிறார்கள். ஒரு முனை மூடிய தடித்த கண்ணாடிக் குழாய், அதில் இறுக்கமாகப் பொருந்தும் பிஸ்டன், அடியில் துளிப் பஞ்சு. ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால் பஞ்சு பளிச்சென்று எரியும். தென்கிழக்காசியக் கிராமங்களில் மூங்கிலிலும் கொம்பிலும் இதைச் செய்து தீ மூட்டியிருக்கிறார்கள். பெரிய விலை ஒன்றும் இல்லை. ஸ்மார்ட் போர்டுக்குக் கிடைக்கிற பணம் இதற்குக் கிடைப்பதில்லை. வாங்கி வைத்த பள்ளிகளிலும் உடைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பையனிடம், டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் வண்டி டக்கென்று ஸ்டார்ட் ஆகும், மைலேஜ் கூடும் என்று யாரும் விற்றுவிட முடியாது. டீசலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. ஆயுத பூஜைக்கு டயரில் எலுமிச்சம்பழம் வைப்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை, அது பத்து ரூபாயோடு போகும். காந்தக்காரர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்.

பிளாக் ஹீட்டர் செய்யாத வேலைகளும் உண்டு. டேங்கில் இருக்கிற டீசலை அது காப்பாற்றாது. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏறினால் அது படிகமாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் டேங்குக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து உருக்கும் ஆபத்தான வழக்கம் இதனால் வந்ததுதான். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அங்கே குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது, மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காது. ப்ளக் பாயின்டே இல்லாத இடத்தில், வண்டியின் டீசலையே கொஞ்சம் எரித்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் சிறிய பர்னர்களும் இருக்கின்றன.

இதெல்லாம் கனடாக்காரர்கள் கவலை என்று விட்டுவிட முடியாது. திருமங்கலம் பக்கத்துக் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே ஸ்ரீநகரில் முடிகிறது. அங்கே டிசம்பர் 21 முதல் 40 நாள், சில்லை கலான் என்கிற கடுங்குளிர்க் காலம். ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். அந்தக் குளிருக்கு ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் நம் பக்கம் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுகிற பழக்கம் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடும். ஆகவே லோடு ஏற்றுவதற்கு முன் அதை வடித்துவிட்டு, தண்ணீர் கலக்காத கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிப்பாதி ஊற்றுங்கள். மைனஸ் 35 வரை தாங்கும். மெழுகுத் தொல்லை குறைய, வெயில் ஊர்களில் நிரப்பிய டீசலை முடிந்தவரை குறைத்துக்கொண்டு, டேங்கை ஜம்முவுக்குப் போய் நிரப்புங்கள்.