ஒரு தொண்டை, இரண்டு குரல்

ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப் போய் வந்த வாசகர் ஒருவர், அலைபேசியில் பதிந்த இருபது விநாடி ஒலியை அனுப்பி, "மூங்கில் புதருக்குள்ளிருந்து வந்தது. பாடியது ஒரு பறவையா, இரண்டா?" என்று கேட்டிருந்தார். கறுப்புத் தலை, நீள வால், வாலடியில் வெள்ளை என்று குறிப்பும் எழுதியிருந்ததால் என் வேலை சுலபம். சோலைப்பாடி. ஒன்றே ஒன்றுதான்.

தோட்டத்துக்கு வருகிற குண்டுகரிச்சானின் பங்காளி இது. எடை முப்பது கிராம் சொச்சம். ஆணுக்குச் செம்பழுப்பு வயிறு. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் பழுப்பு. சருகில் பூச்சி பொறுக்கும், மரப்பொந்தில் கூடு கட்டும், பொழுது சாய்ந்த பிறகும் பாடும்.

ஒன்று எப்படி இரண்டாகக் கேட்கும்? சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ஒரு சேவலை அறுத்தார்கள். தலை போன உடலைத் தூக்கும்போது நெஞ்சு அமுங்கி 'கொர்' என்றது. "சாமி குத்தம்" என்று பெரியம்மா நடுங்கிப்போய் இன்னொரு சேவலை நேர்ந்துகொண்டார். பாவம், அந்த இரண்டாவது சேவல்! நமக்குக் குரல்வளை மூச்சுக்குழாயின் உச்சியில். பறவைக்கோ அடியில், குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில். தலை போனாலும் குரல் நெஞ்சில் மிச்சமிருக்கும்.

சேவல் அதை வைத்துக் கூவுவதோடு சரி. பாடும் பறவைகளுக்கு அந்தக் கவட்டின் ஒவ்வொரு கிளையிலும் தனிச் சவ்வு, தனித் தசை, தனி நரம்பு. ஒன்றை மூடி மற்றதில் பாடலாம். இரண்டையும் திறந்தால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம். நாதஸ்வரத்தையும், அதற்குச் சுருதி சேர்க்கும் ஒத்தையும் ஒரே ஆள் ஊதுகிற மாதிரி. அமெரிக்கக் கார்டினல் பறவையில் காற்றோட்டத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: தாழ்ந்த சுரம் இடக்கிளையில், உயர்ந்தது வலக்கிளையில். கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் பாட்டில், நடுவே கிளை மாறுவது காதுக்குத் தெரிவதே இல்லை. மூச்சு? கேனரிப் பறவை சுரத்துக்குச் சுரம் குட்டி மூச்சு இழுத்துக்கொள்கிறது, நொடிக்கு முப்பது முறைகூட.

நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் பதிவான பறவைப் பாட்டும் சோலைப்பாடியுடையதே. 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற சிறுவன், கூண்டில் வளர்ந்த பறவையை மெழுகு உருளையில் பதிந்தான். அந்தக் கூண்டு மோகம் தென்கிழக்கு ஆசியாவில் இன்றும் தீரவில்லை. 2022இல்தான் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

வாசகரே, உங்கள் பதிவை இன்னொரு முறை கேளுங்கள். கடைசியில் பாட்டு சட்டென்று நின்று 'டக், டக்' என்று வருகிறதே, அது எச்சரிக்கைக் குரல். பறவை உங்களைப் பார்த்துவிட்டது.